நமக்கு ஏது பூமி?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி

சென்ற குடியரசு நாளையொட்டி நம் கல்லூரியில் நடந்த கவிதைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தலைப்பு 'தாய்நாடு'. பரிசு பெற்ற கவிதையை எழுதியவளே குறை சொல்வது அழகன்று என்று தோழியர் சொல்கின்றனர். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கவிதையின் குறையை எனக்கு எடுத்துக் காட்டியவர் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த என் தாய்.

அந்தக் கவிதையில் 32 அடிகள். இமயம் அவள் மணிமுடி, குமரி அவள் பாதம், கங்கை அவள் கழுத்து மாலை என்று எழுதியிருந்தேன். நான்கு அடிக்கு ஒருமுறை 'இது நமது மண்' என்று முத்தாய்ப்பு வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், இமயத்தையும் கங்கையையும் நான் படத்தில் பார்த்ததோடு சரி. விழுப்புரத்துக்கு வடக்கே நான் போனதே இல்லை. மற்றவர்கள் எழுதியவையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. போட்டிக்கு வந்த 18 கவிதைகளிலும் இமயம் இருந்தது. நம்மில் பலர் நாள்தோறும் பாலத்தின் மேல் கடந்து வரும் கெடிலம் ஒன்றில்கூட இல்லை.

பரிசுப் புத்தகத்தோடு அன்று மாலை வீடு போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊர் புதுச்சத்திரத்தை அடுத்த சிற்றூர். மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வந்த அம்மா, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "படிச்சுக் காட்டு பாப்பா" என்றார். படித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நம்ம மண்ணு, நம்ம மண்ணுன்னு அத்தினி வாட்டி சொல்றியே, பட்டா குடுக்கப் போறாங்களா? காலேஜுல சொன்னாங்களா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "இல்லம்மா, இது பாட்டு" என்றேன்.

"பாட்டா! அதானே. நமக்கு ஏது பாப்பா பூமி?" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பு மூட்டப் போய்விட்டார். அவர் குரலில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. உலை கொதித்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நாங்கள் குடியிருப்பது புறம்போக்கில். என் தந்தையார் பிறந்ததும் அங்கேதான், நான் பிறந்ததும் அங்கேதான். தந்தையார் 30 ஆண்டுகளாக உழுது வரும் கொல்லையில் ஒரு சென்ட்கூட அவருடையதன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கல்லூரியில் நான் முதலில் எழுதிய கவிதையில், இல்லாத மண்ணை 'நமது மண்' என்று எட்டு முறை எழுதிப் பரிசும் வாங்கினேன். அப்படியானால் மண் இல்லாதவருக்குத் தாய்நாடு இல்லையா? அவர் நாட்டுப் பாட்டுப் பாடக் கூடாதா? பாடினால் எப்படிப் பாட வேண்டும்? கடந்த சில மாதங்களாக என்னை அலைக்கழித்த இந்தக் கேள்விகளுக்கு நான் கண்ட விடையைத் தோழர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் பணிவோடு வைக்கிறேன்.

வள்ளுவர் சொன்ன அணி

நம் பழைய நூல்களிடமே முதலில் கேட்டேன். திருவள்ளுவர் பொருட்பாலில் 'நாடு' என்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அது 74-ஆம் அதிகாரம். அங்கே நாட்டுக்கு அணிகலன் என்று அவர் எண்ணிக் காட்டுபவை ஐந்து: நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம், காவல். நான் நாட்டுக்கு மணிமுடி சூட்டினேன், மாலை போட்டேன். அவரோ நாட்டுக்கு அணி எது என்று கேட்டு, அந்த நாட்டில் வாழ்பவனின் வயிற்றையும் உடம்பையும் பார்க்கிறார். பசியும் பிணியும் பகையும் அண்டாத இடத்தையே நாடு என்கிறார்.

புறநானூற்றிலே ஔவையாரின் சிறிய பாட்டு ஒன்று இருக்கிறது. ஒரு நிலத்தின் நன்மை அதன் மேட்டாலும் பள்ளத்தாலும் வருவதன்று, அங்கு வாழும் மனிதரால் வருவது என்பது அதன் கருத்து. ஆகவே நாட்டைப் பாடுவது என்றால் நாட்டு மக்களைப் பாடுவது என்பது இன்று நேற்று வந்த புதுமைக் கருத்தன்று. நம் முன்னோர் சொன்னதுதான். நாம்தான் மக்களை விட்டுவிட்டு மலையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கடலூர் மண் கைமாறிய கதை

நம் கல்லூரிக்கு அருகே தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தில், புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தொலைவு வரை என்பது பேச்சு. கோட்டையிலிருந்து சுட்டார்கள். குண்டின் எல்லைக்குள் அடங்கிய ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் ஏற்பட்டது. அந்த ஊர்களில் அன்று உழுதுகொண்டிருந்தவனிடம் எவரும் ஒரு சொல் கேட்டிருக்க மாட்டார்கள். தலைக்கு மேலே ஒரு குண்டு பறந்தது; அவனுடைய நாடு மாறிவிட்டது.

இதற்கு 228 ஆண்டுகளுக்குப் பின், அதே கடலூரில், 'இந்த நாடு எங்களுடையது' என்று பாடிய கவிஞன் ஒருவன் கைது செய்யப்பட்டான். 1908 முதல் புதுச்சேரியில் பத்தாண்டுகள் மறைந்து வாழ்ந்த மகாகவி பாரதி, தன் நாட்டுக்குத் திரும்ப எண்ணி 20-11-1918 அன்று ஆங்கிலேயர் எல்லைக்குள் காலெடுத்து வைத்தான். கடலூருக்கு அருகே அவனைப் பிடித்தார்கள். டிசம்பர் 14-ஆம் நாள் வரை கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11. அப்படியானால் தன் 36-ஆம் வயது நிறைந்த நாளை அவன் நம் ஊர்ச் சிறையில் கழித்திருக்கிறான்! புதுச்சேரி கடலூரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர். இன்று ஒரு மணி நேரத்துக்குள் பேருந்தில் போய்விடுகிறோம். அந்த 22 கிலோமீட்டரைத் தாண்டித் தாய்நாட்டுக்குள் வர அவனுக்குப் பத்தாண்டுகள் ஆயின. வந்த பிறகு கிடைத்தது சிறை.

விடுதலையும் சும்மா கிடைக்கவில்லை. அவன் திருநெல்வேலி மாவட்டத்தில் தங்க வேண்டும், எழுதுவதைக் காவல்துறைக்குக் காட்டிய பிறகே வெளியிட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். 1921-இல் அவன் மறைந்தான். அதன் பின்னும் அந்தப் பாட்டுக்கு அஞ்சி, 1928-இல் அவனுடைய பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்தது.

'பாரதி இமயத்தைப் பாடவில்லையா? கங்கையைப் பாடவில்லையா? நாங்கள் பாடினால் மட்டும் குற்றமா?' என்று தோழர்கள் கேட்கலாம். பாடினான். ஆனால் அவன் பாடிய காலம் எது? இந்தியா ஒரு நாடே அன்று, பல கூட்டங்களின் தொகுதி என்று ஆள்பவர் சொன்ன காலம். வடக்கே உள்ள மலையையும் தெற்கே உள்ள கடலையும் ஒரே மூச்சில் 'எங்களுடையவை' என்று சொல்வதே அன்று குற்றம். அதற்குத் துணிவு வேண்டும். இன்று அதைச் சொல்ல என்ன துணிவு வேண்டும்? மேடையில் சொன்னால் கைதட்டுகிறார்கள், ஏட்டில் எழுதினால் பரிசு தருகிறார்கள். பாரதி விலை கொடுத்துச் சொன்னதை நாம் பரிசு வாங்கிக்கொண்டு சொல்கிறோம். அவனுடைய சொற்கள் நமக்கு வந்துவிட்டன; அவனுடைய பசி வரவில்லை. தனி ஒருவன் பட்டினி கிடப்பதைப் பார்த்துக் கொதித்த நெஞ்சு அது. பெண்ணின் அடிமைத்தனத்தையும் சாதியின் கொடுமையையும் விட்டுவிட்டு அவன் நாட்டைப் பாடியதில்லை.

அதே கடலூரில், முதுநகரில், 1890-இல் பிறந்தவர் அஞ்சலையம்மாள். அவர் கவிஞர் அல்லர். 1927-இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில், பள்ளிப் பருவத்து மகளோடு சிறை சென்ற வீரத்தாய். 1937-இல் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிதம்பரத்திலே, 27-1-1965 அன்று, மொழிப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் நம்மைப் போல் புத்தகம் சுமந்தவர்தாம். இவர்களை நினைத்த பிறகு என் 32 அடிகளை எடுத்துப் பார்த்தேன். அவற்றுள் எனக்கு எதை இழக்க நேரும் ஓர் அடியும் இல்லை.

சிதம்பரத்துக்குப் போக முடியாதவன்

இனிச் சிதம்பரத்துக்கு வருவோம். அம்மாவின் கேள்விக்குப் பக்கத்தில் வரும் பாட்டு எது என்று தேடியபோது, நாட்டுப்பற்றுப் பாடல்களின் தொகுப்பு எதிலும் சேராத ஒன்றில் வந்து நின்றேன். அது நந்தனார் கதை.

சேக்கிழார் பெரிய புராணத்தில் நந்தனாரைத் திருநாளைப்போவார் என்று பாடினார். ஆதனூரில் பிறந்த அவருக்குத் தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை. தமக்கு அங்கே இடமில்லை என்ற தயக்கத்தில், நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே நாள் கழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' ஆக்கினார். அதில் சேக்கிழார் நூலில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் படைத்தார். அவர்தாம் நந்தனாரைப் பண்ணை வேலைக்கு வைத்திருக்கும் வேதியர். வயல் வேலை முடியாமல் தில்லைக்குப் போக விடமாட்டேன் என்கிறார் அவர். பெரிய புராணத்தில் கோயில் வாசலில் இருந்த தடையைக் கீர்த்தனை வயல் வரப்பிலேயே தொடங்கி வைக்கிறது.

தோழர்களே, இது பக்திப் பாட்டு. அதில் ஐயமில்லை. ஆனால் நான் அதை ஒரு தாய்நாட்டுப் பாட்டாகவும் படிக்கிறேன். நடந்தால் போய்விடக்கூடிய தொலைவில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரை எண்ணி ஒருவன் உருகுகிறான். அவன் உழும் நிலம் அவனுடையதன்று, அவன் நேரமும் அவனுடையதன்று. போவதற்கு விடுப்பு வேண்டும். விடுப்புக் கிடைத்தாலும் உள்ளே நுழையத் தீயில் மூழ்கி எழ வேண்டும். சொந்த மண்ணில் நுழைய ஒருவன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்பதைக் கேட்டுக் கண் கலங்குவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நிறுத்திக்கொள்ளாத ஒருவர் இருந்தார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் தீயில் இறங்காமல் வாசலைக் கடக்க ஒரு வழி செய்தார். அந்தப் பாட்டுக்கு இதைவிடச் சிறந்த உரையை எந்தப் புலவர் எழுதினார்?

நாட்டை நினைந்து உருகிய பாட்டுகளை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவற்றில் உயர்ந்தவை பலவும் நிலம் கையில் இல்லாதவர் பாடியவை. பாரதி வேற்றாட்சி எல்லையில் ஒதுங்கி நின்று பாடினான். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். மலையையும் ஆற்றையும் வருணிக்காமல், எரிந்த ஒரு நூலகத்தைக் கொண்டே அது ஒரு நாட்டின் நிலையைச் சொல்லிவிட்டது. பாலத்தீனக் கவிஞர் மகமூத் தார்வீசு, 1948-இல் அழிக்கப்பட்ட சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இல்லாமற்போன ஊரைச் சொல்லில் கட்டியே உலகறிந்த கவிஞரானார். உடையவன் தன் நிலத்துக்கு வேலி போடுகிறான். இல்லாதவன் பாட்டுப் போடுகிறான் எனலாம். ஆதலால் பட்டா இல்லாதவருக்குத் தாய்நாடு உண்டு. ஆனால் அது கையில் இருக்கும் பொருளன்று. கேட்டுப் பெற வேண்டிய உரிமை. தாய்நாட்டுக் கவிதை அந்த உரிமையைக் கேட்கும் கவிதையாக இருக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

தில்லை மரமும் நம் கவிதையும்

இதைப் பேருந்தில் சொன்னபோது என் வகுப்புத் தோழி மறுத்தாள். "நாட்டைப் பற்றிய பாட்டில் குறையைப் பாடலாமா? அது தாயைக் குறை சொல்வது போல அல்லவா?" என்றாள். அப்போது பேருந்து தொழிற்சாலைகள் உள்ள பகுதியைக் கடந்துகொண்டிருந்தது. வாடை தாங்காமல் இருவரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். மூக்கைப் பொத்திக்கொண்டே, 'மணம் வீசும் தென்றலே' என்று எழுதுவது தாயைப் போற்றுவதாகுமா? தாயின் புடவை கிழிந்திருக்கக் கண்டும் பட்டுடுத்தி நிற்கிறாள் என்று பாடுகிறவன் மகனா, வழிப்போக்கனா?

'சொந்த ஊரை மட்டும் பாடினால் உள்ளம் குறுகிவிடாதா?' என்று கேட்பவர்களும் உண்டு. எல்லா ஊரையும் தன் ஊராக எண்ணிய கணியன் பூங்குன்றனார் தம் பெயரில் பூங்குன்றத்தை விடவில்லையே! மருதூரில் பிறந்த வள்ளலார், 1867-இல் வடலூரில் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அது எரிவது ஓர் ஊரில்தான். ஆனால் அங்கே வந்து உண்பவனை 'நீ எந்த ஊர்?' என்று கேட்பதில்லை.

தாவரவியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது தில்லை மரத்தால். அதுவே கோயிலின் தல மரம். ஒடித்தால் பால் வரும்; அந்தப் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு. உப்பு நீர் ஏறும் சேற்று நிலத்தில் வளரும் மரம் அது. அதைக் காட்டில் காண வேண்டுமானால் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். நடராசரைப் பற்றி எத்தனையோ கவிதை எழுதுகிறோம். ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தை நம்மில் எத்தனை பேர் அடையாளம் காட்டுவோம்? 26-12-2004 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, தேவனாம்பட்டினம் போன்ற திறந்த கரைகள் பேரழிவைக் கண்டன. பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் பின்னே இருந்த குப்பங்களுக்கு அந்தக் காடே அரணாக நின்றது. வள்ளுவர் அணி என்று சொன்ன 'காவல்' அன்று சுரபுன்னை வேரிலும் தில்லைக் கிளையிலும் இருந்தது. இது கவிதைக்கு உதவாத செய்தியா?

30-12-2011 அன்று தானே புயல் வந்தபோது எனக்கு வயது ஆறு. விடியற்காலையில் எங்கள் கூரை பறந்ததும், அம்மா என்னை அரிசிக் குண்டானோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றதும் நினைவிருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முந்திரிக் கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் தந்தையாருக்கு அடுத்த பருவத்தில் வேலை இல்லை. இத்தனையும் தெரிந்த நான், கவிதை எழுத உட்கார்ந்ததும் அத்தனையையும் மறந்துவிட்டு இமயத்துக்கு ஓடினேன். ஏன்? எங்கள் ஊரும் எங்கள் அம்மாவும் கவிதைக்குத் தகுதியானவர்கள் அல்லர் என்று எண்ணியதால்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கல்லூரிக்கு வந்ததும் வீட்டை மறைக்கக் கற்றுக்கொண்டேன். என் கவிதையும் அதைக் கற்றுக்கொண்டது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த என் போன்றோர் பலரும் இதை அறிவார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த ஆண்டுக் கவிதைப் போட்டிக்குத் 'தாய்நாடு' என்ற தலைப்பே இருக்கட்டும். ஆனால் எழுதுபவர் கண்ணால் கண்ட ஓர் ஆறு, கையால் தொட்ட ஒரு மரம், உடன் வாழும் ஒரு மனிதர் அதில் இருக்க வேண்டும் என்று பேராசிரியர்கள் விதி வகுக்க வேண்டுகிறேன். தோழர்களே, உங்களிடம் மற்றொன்று. நீங்கள் எழுதிய நாட்டுக் கவிதையை உங்கள் வீட்டில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்வியை நான் குறித்துக்கொண்டேன். கோடை விடுமுறையில் அவருக்காக மனைப்பட்டா கேட்டு ஒரு மனு எழுதினேன். எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம், வாசலில் உள்ள வேப்பமரத்தை நட்டவர் யார், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் படித்துக் காட்டினேன். போட்டிக் கவிதையைக் கேட்டது போலவே கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "இது நல்லாருக்கு பாப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மனுவுக்கு விடை வரும் நாளில் 'இது நமது மண்' என்ற அடியை மீண்டும் எழுதுவேன். அதுவரை அந்த அடியைக் கேள்வியாகவே வைத்திருப்பேன். அந்தக் கேள்வியோடு எழுதப்படும் கவிதைகள் நம் கல்லூரி மலரின் அடுத்த இதழை நிறைக்கட்டும்!